நாலு மணிக்கு வாங்க

புயல் கூரையைப் பிடுங்கிப்போன மூன்றாம் நாள்
நனைந்த அகராதிகளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு
கெலிமானே நூலகத்தின் மேசையை
வாசலுக்கு இழுத்துப்போட்டாள் டெல்ஃபினா.

முதல் ஆள், மீன்காரர் செஃபானியாஸ்.
"கிணற்றில் போடும் வெள்ளைத் தூள்தான்
காலராவைக் கொண்டுவருதாமே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
"யார் சொன்னது?" என்றாள்.
மைத்துனர்.
அவருக்கு?
படகுத்துறையில் யாரோ.
அந்த யாரோவுக்கு?
செஃபானியாஸ் தாடையைச் சொறிந்தார்.

ஒரு தாளை எடுத்தாள். தேதி பார்த்தாள்.
போன வருஷத்தது. கீழே வைத்தாள்.
மருத்துவமனைக்குப் போன் போட்டு
கேட்டதைச் சுவாபோவில் எழுதி
நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:
எத்தனை லிட்டருக்கு எத்தனை கரண்டி,
எவ்வளவு நேரம் பொறுக்கணும்.

"பாலம் எப்போ திறக்கும்?"
"தெரியாது.
நாலு மணிக்கு வாங்க, கேட்டு வைக்கிறேன்."

நாலு மணிக்கு வந்தார்.
கூடவே மைத்துனர்,
கையில் வெறும் வாளி.