தொண்டிப் பாலம்

மாட்டுத்தாவணியில் ஏறியவன்
தொண்டியில் இறங்கும்போது
பேனா கசிந்து
சட்டைப்பைக் குறிப்பெல்லாம் நீலம்.

பாதிக்கு மேல் பாலத்தில் தளம் இல்லை.
தூண்கள் மட்டும் போகின்றன,
இடுப்பளவு நீரில், வரிசை கலையாமல்.

தோணி கட்டிய இரும்பு வளையத்தில்
இப்போது ஒரு வெள்ளாடு.
கொழும்புப் பக்கம் பார்த்து
அசைபோடுகிறது.

"என்னத்தப் பாக்குறீக?"
நண்டுக்கூடையை இறக்கினாள் ஒருத்தி.
"முன்னாடி இங்கேருந்து ஏற்றுமதி..."
"கிலோ நானூறு."
முந்நூற்றைம்பதில் நின்றேன்.
கடலைப் பார்த்துச் சிரித்தாள்.

முந்நூற்று எழுபதுக்கு முடிந்தது.
தராசில்லை;
அவள் தூக்கிப் பார்த்ததுதான் எடை.

திருவாடானை, காளையார்கோவில், சிவகங்கை.
காலடிப் பைக்குள்
எதுவோ சுரண்டிக்கொண்டே வந்தது.
பக்கத்து சீட்டுக்காரர்
காலை மடக்கிக்கொண்டார்.