நாற்பத்தாறரை

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கடையில்
பொம்பிளைச் சப்பாத்து நாற்பதோடு முடிந்துவிடுகிறது.
"அதுக்கு மேலை கம்பனி அடிக்கிறேல்லைத் தங்கச்சி"
என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர்
பிறகு மெல்லக் குனிந்து காலைப் பார்த்தார்.
எல்லோரும் அந்த ஒழுங்கில்தான் பார்ப்பார்கள்.
திரும்ப முகத்துக்கு வரும்போது
வேறு யாரையோ பார்ப்பதுபோல் இருக்கும்.

நாற்பத்தாறரை.
வலது கால் இன்னும் ஒரு நெல்மணி கூட.
பள்ளிக்கூடத்தில் வள்ளம் என்று கூப்பிட்டார்கள்.
ஒரு வள்ளமென்றாலும் பரவாயில்லை,
இரண்டு.

சும்மா சப்பாத்தென்றால்
ஆம்பிளையளின் தட்டில் எடுத்துவிடுவேன்.
இது சைக்கிள் ஓட்டத்துக்கு.
அடியில் மூன்று துளை, துளையில் பூட்டும் கிளீட்,
அது போய்ப் பெடலை டக்கென்று கடிக்க வேண்டும்.
கடித்தால்
மிதிக்கும்போதும் வண்டி போகும், இழுக்கும்போதும் போகும்.
"அரைப் பலத்தைக் காத்துக்குக் குடுக்கிறாய்"
என்று சொல்லிக்கொண்டே சுவஸ்திகா
மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் என்னை முந்திப் போனாள்.
பாட்டாச் செருப்போடு நான் பின்னால்.
அவளுக்கு முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டுக்காரிகளுக்கு எல்லாக் கடையும் திறந்திருக்கும்.

வவுனியாவில் நாலு கடை ஏறினேன்.
நாலாவதில் ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்கள்.
"ஆருக்கு, அண்ணாவுக்கோ?"
ஓம் என்றேன்.
"அவருக்கு என்ன அளவு?"
இருந்தவரைக்கும் நாற்பத்தொன்று.
அதைச் சொல்லவில்லை.
பெட்டியும் நாற்பத்துநாலுதான்.

கடைசியில் ஒஸ்லோவிலிருந்து நிரோஜினி மச்சாள் அனுப்பினாள்.
நாற்பத்தேழு,
வெள்ளை, சிவப்புக் கோடு,
ஆரோ ஒருத்தன் இரண்டு மாதம் போட்டுக் கழித்தது.
நீளம் சரி.
அகலத்தை ஆரும் கேட்கவில்லை!
அந்தக் குளிரில் கால்கள் நீளத்துக்கு மட்டும் வளருமாக்கும்.
என்னுடையவை வயல் வரம்பில் வெறுங்காலாய் நடந்து
விரல் விரலாய் இடம் பிடித்தவை.
சின்னவிரல் இரண்டும் அதற்குள் அழுதன.

அன்று இரவு
இரண்டு பொலித்தீன் பையில் கௌபி கொட்டி,
தண்ணீர் விட்டு, வாயைக் கட்டி,
சப்பாத்துக்குள் இறுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன்.
இருட்டில் ஊறி ஊறிக் கொழுத்த கௌபி
ஒஸ்லோக்காரனின் காலை
மெல்ல மெல்ல வெளியே தள்ளியது.
விடிய எழும்பினால் பக்கமெல்லாம் உப்பி
என் கால் உள்ளே கிடப்பதுபோலவே இருந்தது.
அம்மா அந்தக் கௌபியை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டா.
"சப்பாத்து மணக்காதோ?"
"பசிச்சால் தின்."
தின்றேன். மணக்கவில்லை. கொஞ்சம் மணந்தது.

டக்.
டக்.
முறிகண்டியில் கச்சான் வறுக்கிறவர்கள்
அடுப்பு மூட்டமுதல் கடந்துவிட்டேன்.
இழுக்கும்போதும் போகிறது, உண்மைதான்.
முதுகில் ஒருவர் கை வைத்துத் தள்ளுகிறமாதிரி.
திரும்பி வருகையில் றெயில் கடவை பூட்டிக் கிடந்தது.
பிறேக் பிடித்தேன்.
காலைக் கழற்ற மறந்துபோனேன்.

நின்ற நிலையில், அவசரமே இல்லாமல்,
வெட்டின வாழைபோல் சரிந்தேன்.
சைக்கிள் என் மேல், நான் தாரின் மேல்,
பெடலோ காலை விடமாட்டேன் என்கிறது.

கடவைக்காரர் கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.
முகத்தைப் பார்க்கவில்லை,
முழங்கால் ரத்தத்தையும் பார்க்கவில்லை.
"பிள்ளை, இவ்வளவு பெரிய சப்பாத்து
எங்கை எடுத்தனீ?"

விழுந்து கிடந்தபடியே அவருடைய காலைப் பார்த்தேன்.
பாட்டாவின் விளிம்பைத் தாண்டி
குதி இரண்டு விரல் அளவு வெளியே,
வெடித்து, தாரில் ஊன்றி.
நாற்பத்தெட்டுக்குக் குறையாது.

றெயில் இரைந்துகொண்டு போனது.
அது போய் முடியுமட்டும் பொறுத்திருந்து கேட்டேன்,
"வீட்டை கௌபி கிடக்கோ, அண்ணை?"