மழைக்கு நில்

மன்றத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள்.
ஆண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர்.
எனக்குத் தெரிந்தது கால்கள்.

இருபத்தாறு வருஷம்
மேடைக்கடியில் குழியில் உட்கார்ந்து
வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான்.
ஒரு சாண் திறப்பு. அதன் வழியே
எல்லா மன்னர்களையும் முழங்கால் வரை பார்த்திருக்கிறேன்.

பகலில் நேவல் பேஸில் நீராவிக் குழாய்க்கு உறை சுற்றும் வேலை.
மன்றம் அப்போது ரப்பர் ஷீட் அடுக்கிய பழைய கொட்டகை.
வாடகை பதினெட்டு வெள்ளி, புகைநாற்றம் இலவசம்.
மேடை போட்டவன் ஆ கிம் என்ற தச்சன்;
கப்பலில் வந்திறங்கிய இயந்திரப் பெட்டிகளை உடைத்துப்
பலகையாக்கினான்.
பாதிக் கூலிக்குப் பதில் முன்வரிசையில் ஆறு நாற்காலி கேட்டான்.
தமிழ் ஒரு சொல் தெரியாது.
குடும்பத்தோடு வந்து
சாவுக் காட்சியில் அழுதுவிட்டுப் போவான்.

என் தலைக்கு நேர்மேலே ஒரு பலகை.
'இந்தப் பக்கம் மேலே' என்று ஆங்கிலத்தில் அச்சு, ஓர் அம்பு.
அந்தப் பக்கம்தான் கீழே இருந்தது.
அம்பு கழிவறையைக் காட்டியது.

பாண்டியன் பட்டறை பூட்ஸோடு வருவான்,
ஷிப்ட் முடிந்து நேரே வந்தால் அப்படித்தான்.
ராணியின் கணுக்காலில் மயிர்.
அறுபத்தொன்று வரை ராணி குஞ்ஞிராமன்.
பிறகு ஒரு சனிக்கிழமை
மெட்டி போட்ட இரண்டு கால்கள் நடுங்காமல் வந்து நின்றன.
சபை முழுக்க நாற்காலிகள் கிறீச்சிட்டன.
எழுந்து போகிறார்களா, எட்டிப் பார்க்கிறார்களா,
குழியில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?
அஞ்சுகவல்லி. பிரசவ வார்டுத் தாதி.
அவளுக்கு ஒருமுறைகூட நான் தேவைப்படவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

மறந்தவனை முகம் காட்டிக்கொடுக்காது.
கால் கட்டைவிரல் உள்ளே மடங்கும்.
என் வித்தை அவ்வளவுதான்.

கூரை தகரம்.
டிசம்பர் மழை இறங்கினால் பேச்சு வாயோடு நின்றுவிடும்.
ஓங்கிய வாள் ஓங்கியபடி,
கண்ணீர் பாதியில்,
ஒருமுறை நாற்பது நிமிஷம்.
நாடகம் எழுதும் வடமலையானும் பழகிக்கொண்டார்:
எங்கே நின்றால் பொருள் கெடாதென்று பார்த்து
இடம் விட்டு எழுதினார்.
அங்கெல்லாம் என் பிரதியில் சிவப்புப் பென்சிலால் போடுவேன்:
மழைக்கு நில்.
காவல் நிலையத்துக்கு அனுமதி கேட்டுப் போனதும்
தவறுதலாக அதே பிரதி.
'மழை யார்? நடிகர் பட்டியலில் பெயர் இல்லையே'
என்று கடிதம் வந்தது.

எண்பத்து நான்கில் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.
அப்புறம் பள்ளிக்கூட மண்டபம்,
அடுக்குமாடிக் கீழ்த்தளம்,
இரண்டு வருஷம் ஒன்றுமே இல்லை.
கிரீடங்கள் குஞ்ஞிராமன் கட்டிலுக்கடியில் கிடந்தன.
அந்த இரண்டு வருஷத்தை விட்டுவிடலாமே என்றார் செயலாளர்.
விடவில்லை.

இப்போது ஐந்தாம் மாடி. லிப்ட், கறுப்புச் சுவர், குளிர்சாதனம்.
குழி கிடையாது.
வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பலகை,
எழுத்து வெளியே தெரிய, அம்பு மேல்நோக்கி.
பலகை அதற்குள் கொஞ்சம் கூச்சப்படுவதுபோல இருந்தது.

வடமலையானின் நாடகத்தையே மறுபடி போட்டார்கள்.
எனக்கு மூன்றாம் வரிசை.
இத்தனை முகங்கள். எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.
இரண்டாம் காட்சியில், நியாயம் கேட்கும் இடத்தில்,
நிவாஷினி என்ற அந்தப் பெண்
பாதி வாக்கியத்தில் நின்றாள்.
ஐந்து நொடி. பத்து.
பக்கத்தில் ஒருவர் இருமினார்.
அடுத்த சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
முன்னால் இருந்த தலைகளுக்கு நடுவே குனிந்து
அவள் கால்களைத் தேடினேன்.

கட்டைவிரல் மடங்கவில்லை.

நகலெடுத்த பிரதியில் சிவப்பு கறுப்பாகியிருக்கும்,
எழுத்து போயிருக்காது.

வெளியே மழையா வெயிலா,
அந்தச் சுவருக்குள் எதுவும் கேட்காது.
சபை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.
விட்ட இடத்திலிருந்து அவள் பேசினாள்.
வாயிலிருந்த சொல்லை
நான் விழுங்கிக்கொண்டேன்.