வாலிநோக்கம், நான்காம் சதுரம்

ஒரு மீட்டர் கயிறு, நான்கு குச்சி.
மணலில் சதுரம் கட்டி
உள்ளே இருப்பதை எண்ண வேண்டும்.

அடம்பு, ஒரே கொடி, பதினேழு கணு.
இராவணன் மீசை மூன்று குத்து,
கையைக் கிழித்த பிறகே
கணக்குக்கு வந்தது.
உமரி சிவந்து கிடக்கிறது,
நாக்கில் வைத்தால் கடல்.
படிவத்தில் சுவைக்குக் கட்டம் இல்லை.

கயிற்றோரம் ஓர் ஆட்டுப் புழுக்கை.
அதைப் பிளந்துகொண்டு
இரண்டு இலையோடு சீமைக்கருவேலம்.

பிறப்பிடம்: உள்ளூர் / அயல்.
பொருந்தாததை அடிக்கவும்.

பேனாவைத் திறக்கையில்
கரிமூட்டத்துச் செய்யதம்மாள்
புகையில் பழுத்த கண்ணோடு எட்டிப் பார்த்தாள்.
"அதையா புடுங்கப் போறிய?
எம்மவன் பாலிடெக்னிக் பீசு பூரா
இந்த முள்ளுல வந்ததுதான்."
கொஞ்சம் நின்று,
"எங்க கெணத்தக் குடிச்சதும் இந்தச் சனியந்தான்"
என்றாள், வீட்டு ஆளைத் திட்டுவதுபோல.

பிடுங்கச் சொல்லவில்லை யாரும்,
எண்ணத்தான் சம்பளம்.
'உள்ளூர்' மேல் கோடு போட்டேன்.
எண்ணிக்கை: ஒன்று.

ஐந்தாம் சதுரத்துக்குப் போகும் வழியில்
செருப்பைத் துளைத்து ஏறியது முள்.
உடைமுள்ளா, கருவேலமுள்ளா,
வலியை வைத்துச் சொல்ல முடியவில்லை.
குதிகாலை ஊன்றாமல்
நொண்டியபடியே குச்சியை நட்டேன்.
காற்று அதைச் சாய்த்தது.
மறுபடி நட்டேன்.