புதன் பிறந்து அரைமணி

ஆக்லாந்திலிருந்து சாந்தியாகோவுக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
தட்டை வரைபடத்தில் நேராய் இழுத்த கோடு நீளம்;
தெற்கே பனியை நோக்கி வளைந்தால்தான்
குறுக்குவழி.
பக்கத்து மேசை ஹிமேனாவுக்கு இது மனப்பாடம்.
எத்தனையோ விமானங்களுக்குப் பாதை போட்டவள்
இன்று மாலை பயணி.

முதுகில் காற்று, மணிக்கு இருநூறு.
பத்து மணி ஐம்பது நிமிடம், என்றேன்.
"இன்னொரு தடவை போடு."
வேகத்தைக் கூட்டினேன்.
இரண்டு டன் எரிபொருளை அதிகமாய்க் கேட்டு
பதினாலு நிமிடம் விட்டுக்கொடுத்தது கணினி.

புதன் மாலை ஆறுக்கு ஏறினால்
அதே புதன் பகல் ஒன்றுக்குள் இறங்கிவிடலாம்.
கிளம்பும் முன்னே போய்ச் சேர்ந்துவிடுகிறாய் பார், என்றேன்.
சிரிக்கவில்லை.
அவள் அப்பாவுக்கு மருத்துவர் சொன்ன கெடு
மத்தியானம், மிஞ்சினால் சாயங்காலம்.
அங்கத்திய சாயங்காலம்.

நாலரைக்குத் தொலைபேசி.
ஸ்பானிய மொழியில் இரண்டே சொல் பேசினாள்.
அங்கே புதன் பிறந்து
அரைமணிதான் ஆகியிருந்தது.

கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள்.
பிறகு என் திரையைப் பார்த்து,
"வேகத்தைப் பழையபடி குறைச்சிடு.
ரெண்டு டன் மிச்சமாகும்."