விரற்கடைக் கணக்கு

சிற்றாறு ஏழாம் கூப்பு.
விடியாத நாலரைக்கு
நெற்றியில் விளக்கு,
முந்நூறு மரத்துக்கு நான் ஒருத்தி.

காய் வெடிக்கிற மாதம் இது.
முதுகுக்குப் பின்னால் யாரோ விறகு முறிப்பது போல
ஒரு சத்தம்,
பிறகு சருகில் வித்து உருளும்.
சில நாள் அது வெறும் சத்தம்.
கை பாட்டுக்கு வெட்டும்,
பால் பாட்டுக்குச் சிரட்டைக்கு இறங்கும்.

சில நாள்
காது கேட்கும் முன்பே இமை மூடிவிடும்,
தோள் காதுவரை ஏறிவிடும்,
கத்தி பட்டையைத் தாண்டித்
தடிக்குள் போய்விடும்.

சூப்பர்வைசர் ஜஸ்டஸ்
காயத்துக்குள் பேனா முனையை விட்டு ஆழம் பார்த்தார்.
"கவனம் எங்க இருக்கு, கிளாடிஸ்?"
நோட்டில் எழுதிக்கொண்டார்.

நானும் தேடினேன்.
நூற்றுப்பதினெட்டாம் மரத்தில்
காயத்துக்கும் காயத்துக்கும் நடுவே விரலை வைத்தேன்.
ஒரு விரற்கடை.
அடுத்த மரம், அதுவும் ஒரு விரற்கடை.
ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு.
பதினாலு வெட்டுக்குப் பட்டை அவ்வளவுதான் தேயும்.
பதினாலு இரண்டு இருபத்தெட்டு.
இதை ஜஸ்டசிடம் எப்படிச் சொல்ல?
சார், துணி வைக்கிறதுக்கு ரெண்டு நாள் முந்தி
வித்து வெடிச்சாலும் எனக்குக் குண்டுதான் என்றா?

பக்கத்துக் கூப்பில் தவமணிராஜின் மரங்களையும் பார்த்தேன்.
காயம் உண்டு, கணக்கு இல்லை.
பன்றியைப் பார்த்த மறுநாள் வரிசையாக நாலு,
அப்புறம் ஒன்றுமில்லை.
அவருக்குப் பயம்
வெளியே இருந்துதான் வரவேண்டும்.

ஹார்மோன் என்றாள் களியல் நர்ஸ்,
மழை என்று சொல்வது போல.
ஏறும், இறங்கும்.
பேச்சிப்பாறை நீர்மட்டம் மாதிரி;
பேப்பரில் மட்டும் போடமாட்டார்கள்.

இந்த மாதம் பதினாலு போயிற்று.
பதினாறு. பத்தொன்பது.
தலைக்கு மேலே காய்கள் சடசடக்கின்றன,
என் இமை அசையவில்லை.
வெட்டு நூல் பிடித்த மாதிரி போகிறது.
"இப்பம் கொள்ளாம்" என்கிறார் ஜஸ்டஸ்.

மகள் பிளஸ் டூ.
எனக்கு நாற்பத்தொன்று.

வெட்டில்லாத நாள் மத்தியானம்
குலசேகரம் சந்தையருகே மருந்துக்கடை.
பின்னால் பஸ் ஒன்று
முதுகைத் தொடுகிற தூரத்தில் ஹாரன் அடிக்கிறது.
எனக்கொன்றும் ஆகவில்லை.
உள்ளங்கை மட்டும் வியர்த்திருக்கிறது,
காலையிலிருந்தே.

கடைக்காரன் எங்கள் சபைக்காரன்.
"என்ன வேணும் அக்கா?"

தலைவலி மாத்திரை என்கிறேன்.