மூன்றாம் குட்டை

இரவு இரண்டே கால்.
செக் டிரேயைத் தூக்கினேன்.
போட்ட தீனி போட்டபடி.

டார்ச் வெளிச்சத்தில் கரையோரம் ஒதுங்கியவை
ஏழு, எட்டு, அப்புறம் எண்ணவில்லை.
ஒன்றை எடுத்துத் தலையோட்டை உரித்து
விளக்குக்கு நேரே பிடித்தேன்:
சுண்ணாம்புக் கையால்
உள்ளிருந்து வைத்த பொட்டுகள்.

மேட்டூர்த் தண்ணீர் வெட்டாற்றுக் கடைமடைக்கு
வந்து நாலு நாள்.
மேற்கே நாற்றங்காலுக்கு அது உயிர்.
இங்கே உப்பு இருபதிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது.

போன முறை வந்த நோயைக் குறித்துவைக்க
இறாலிடம் ஏடு இல்லை.
இருப்பதெல்லாம் சேதி சொல்லும் புரதங்கள்.
தெரியாத மேலுறை ஒன்று தட்டுப்பட்டால்
ஒரு புரதம் அடுத்ததன் நுனியைக் கடிக்கும்.
கடிபட்டது விழித்து
அதற்கடுத்ததைக் கடிக்கும்.
செல்லின் தோலில் நிற்கும் டோல் என்ற காவல்
கடைசியில் சிலிர்க்கும்.
உள்ளே கட்டிப்போட்டிருந்த தூதன்
கட்டறுத்துக் கருவுக்குள் ஓடுவான்.
ஆயுதம் வடி என்பான்.
நீல ரத்தம் காயத்தின் வாயில் கறுத்து உறையும்.

இன்னொன்று உண்டு, எனக்குப் பிடித்தது.
நோய் புகுந்த செல்
பக்கத்துச் செல்லுக்கு ஒரு புரதம் அனுப்பும்:
எனக்கு வந்துவிட்டது
நீ கதவைச் சாத்து.

வெண்புள்ளிக் கிருமி இந்த வீட்டு வழக்கமெல்லாம் அறிந்தது.
கருவுக்குள் ஓடுகிற அதே தூதன் மடியில்
தன் ஓலையையும் செருகிவிடும்.
அவன் அதையும் சத்தமாக வாசிப்பான்.

இரண்டாம் குட்டை சிங்காரவடிவேல்
போன வியாழன் ராத்திரியே பிடித்து லாரி ஏற்றினார்.
"நல்ல விலை, விட மனசில்ல" என்றார்.
வடித்த தண்ணீர் வாய்க்காலில்.
சனிக்கிழமை அதே வாய்க்காலில்
மோட்டார் போட்டவள் நான்.
காக்கை இறங்காமல் குட்டைக்கு மேல்
நூல் கட்டியிருந்தோம், ஒழுங்காக.

ஜெகபர் அண்ணன் போனில்
மூச்சு விட்டார் கொஞ்ச நேரம்.
பிறகு: "யாருக்கும் தெரிய வேணாம்மா.
வியாபாரி அஞ்சு மணிக்கு வர்றான்.
விடியறதுக்குள்ள மதகைத் திறந்துடு."
எனக்கு இரண்டு மாதச் சம்பளம் அவரிடம் நிற்கிறது.

கீழ்க்கரையில் நாலாம் குட்டை, தமிழ்க்கொடி.
வளையல் வைத்து இறக்கிய குஞ்சு,
முப்பத்தெட்டு நாள்.
அவள் மோட்டார் மூன்று மணிக்கு ஓடத் தொடங்கும்,
பௌர்ணமி ஏற்றத்தில்.

அழைத்தேன்.
அடித்து அடித்து நின்றது.
திரும்ப அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஏரேட்டர்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன
ஒன்றும் நடக்காததுபோல்.
மதகுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
வரப்பில் இறங்கினேன்.
இரண்டு வாய்க்கால் தாண்ட வேண்டும்.
முதலாவதிலேயே
சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது.
மற்றதையும் உதறிவிட்டு
ஓடுகிறேன்.